கீழாநெல்லி: ஒரு கடிதமும் அம்மாவின் கேள்வியும்

ஐயா,

வணக்கம். கோவையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். நான்காம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குப் பள்ளியில் ‘நம் தெருவோர மூலிகைகள்’ என்று ஒரு செயல்திட்டம் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்துக் காலி மனையில் ஒரு செடியைப் பிடுங்கிவந்து, கீழாநெல்லி என்று எழுதி ஒட்டிவிட்டோம். படம் இணைத்திருக்கிறேன். அது கீழாநெல்லிதானா?

கல்லீரலைச் சுத்தப்படுத்த இதைத் தினமும் காலையில் சாறெடுத்துக் குடிக்கலாம் என்கிறார்கள். எவ்வளவு குடிக்க வேண்டும்? இதற்கு அமெரிக்கர்கள் காப்புரிமை வாங்கிவிட்டார்களாமே, நம்மவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்களா? ஊரில் என் பெரியப்பாவுக்கு ஒரு மாதமாக மஞ்சள் காமாலை. கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்கிறார். காமாலைக்குக் கீழாநெல்லி என்று அறிவியலே ஒப்புக்கொண்டுவிட்ட பிறகும் படித்தவர்கள் ஏன் தயங்குகிறோம்? இதைப் பற்றி நீங்கள் எழுத வேண்டும்.

க., கோயம்புத்தூர்

*

அன்புள்ள க.,

கடிதம் வந்த அன்றிரவே இரண்டு வரி பதில் போட்டேன். பெரியப்பாவை மறுநாள் காலையிலேயே ரத்தப் பரிசோதனைக்கும் வயிற்று ஸ்கேனுக்கும் அழைத்துப் போகச் சொல்லியிருந்தேன். ‘நன்றி ஐயா, ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகும்போது பேசிப் பார்க்கிறேன்’ என்று பதில் வந்தது. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். கோபம் தெரிந்தால் தெரியட்டும்.

உங்கள் கடிதத்தை நீங்களே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். முதலில் மகளின் ஒட்டுத்தாள். அப்புறம் கல்லீரல் சுத்தம். அப்புறம் அமெரிக்கா. எல்லாம் முடிந்து கடைசியில், ஒரு மாதமாகக் கண் மஞ்சளாகக் கிடக்கும் ஒரு மனிதர் வருகிறார். அவரும் உங்கள் வாதத்துக்கு ஓர் உதாரணமாகத்தான் வருகிறார். அவருக்கு என்ன வயது, சாப்பிடுகிறாரா, உடம்பு இளைத்திருக்கிறதா, ஒன்றும் இல்லை.

சில்லறையை முதலில் முடித்துவிடலாம்.

காப்புரிமை: ஆமாம், வாங்கினார்கள். பிலடெல்பியாவில் இருக்கும் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையம் 1980களில் வாங்கியது. அதனால் உங்கள் ஊர் வரப்பில் கீழாநெல்லி முளைப்பது நின்றுவிடவில்லை. அரைத்துக் குடிப்பவரை யாரும் வழக்கு மன்றத்துக்கு இழுக்கவில்லை. போகட்டும், விடுங்கள்.

கல்லீரல் சுத்தம்: கல்லீரல் என்ன ஒட்டடை படிந்த பரணா? உடம்பில் சேரும் அழுக்கை வெளியேற்றுகிற உறுப்பே அதுதான். வியாதி இல்லாதவன் தினமும் மருந்து குடிப்பதைக் கேட்டால் என் அம்மா சிரித்திருப்பாள். குடிக்காதீர்கள். கோவை மாநகரத்துக் காலி மனையில் பிடுங்கியதைக் கண்டிப்பாகக் குடிக்காதீர்கள். அங்கே களைக்கொல்லி அடித்திருப்பார்கள், நாய்கள் காலைத் தூக்கியிருக்கும், பக்கத்துச் சாலையின் புகையெல்லாம் அந்த இலைமேல்தான் படிந்திருக்கும்.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். ‘அறிவியலே ஒப்புக்கொண்டுவிட்ட பிறகு.’ க., இந்த வரியை நான் இதற்கு முன்னால் கேட்டிருக்கிறேன். சொன்னவன் நான்தான். 1991ஆம் வருடம், ஆடி மாதம், எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என் தாய்மாமாவிடம் சொன்னேன். அப்போது எனக்கு 24 வயது.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வயலுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் கிடக்கிற ஒரு சின்ன ஊர். எங்கள் வீட்டுக்கு ‘மருந்து கொடுக்கிற வீடு’ என்று பெயர். கொடுத்தவள் அம்மா. அவளுக்கு அவளுடைய மாமியார் சொல்லிக்கொடுத்தது. காமாலைக்கு மட்டும்தான் கொடுப்பாள், வேறு எதற்கும் கிடையாது. தலைவலி என்று வந்தால்கூட ‘டவுன்ல போயி மாத்திரை வாங்கிப் போடு’ என்று அனுப்பிவிடுவாள்.

விடிவதற்கு முன்னாலேயே ஆட்கள் வந்துவிடுவார்கள். பெரும்பாலும் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிற அம்மாக்கள். விளக்கு வெளிச்சத்தில் அம்மா யார் கண்ணையும் பார்க்க மாட்டாள். ‘விடியட்டும்’ என்று திண்ணையில் உட்காரவைத்துவிடுவாள். சின்ன வயதில் இதை ஏதோ சாஸ்திரம் என்று நினைத்திருந்தேன். குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் கண்ணின் மஞ்சள் தெரியாது, அவ்வளவுதான் விஷயம். கிழக்கு வெளுத்த பிறகு பிள்ளையை வாசலுக்குக் கூட்டிவந்து, கீழிமையை விரலால் இழுத்துவிட்டு, ‘மேலே பாருடா, காக்கா பாரு’ என்பாள். பிள்ளை மேலே பார்க்கும். அந்த வெள்ளை முழியில் ஒரு நிமிடம் அவள் கண் நிற்கும்.

அப்புறம் வரப்புக்குப் போவாள். நானும் பின்னாலேயே போவேன். கார்த்திகை மழை விட்ட பிறகு வரப்பு முழுக்கக் கீழாநெல்லிதான். ஒரு முழம் உயரம்கூட இருக்காது. பார்க்கப் புளியங்கன்று மாதிரி, மெல்லிய காம்புகளில் இரண்டு பக்கமும் குட்டி இலைகள் அடுக்கடுக்காக இருக்கும். வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, ஒரு கிளையைத் திருப்பிப் பார்ப்பாள். இலைகளுக்குக் கீழே, கடுகைவிடச் சற்றே பெரிய பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்க வேண்டும். கீழே காய்ப்பதால் கீழ்க்காய்நெல்லி, அதுதான் வாயில் உருண்டு கீழாநெல்லி ஆனது. தண்டு சிவந்து, காய் சொரசொரப்பாகக் காம்பே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் தூக்கி எறிந்துவிடுவாள். அதைச் சிவப்புக் கீழாநெல்லி என்பார்கள். மேலாநெல்லி என்று இன்னொன்று, அதுவும் வேண்டாம். கடைசியாக ஓர் இலையைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்ப்பாள். கசக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ‘ஐயாயிரம் ஆண்டுகளாக நம் முன்னோர்’ என்று தொடங்கும் செய்திகள் உங்களுக்கும் வந்திருக்கும். இன்று நம் வரப்புகளில் மிகுதியாக முளைக்கிற கீழாநெல்லிக்குத் தாவரவியலில் ஃபில்லாந்தஸ் அமாரஸ் என்று பெயர். அமாரஸ் என்றால் கசப்பு. அதன் பூர்வீகம் அமெரிக்க வெப்பமண்டலம் என்றுதான் தாவரவியலாளர்கள் சொல்கிறார்கள். மிளகாய் மாதிரி அதுவும் வந்து குடியேறியது. அதன் பங்காளிச் செடிகள் சில நம் மண்ணுக்கே உரியவை. ஏட்டில் பெயர் ஒன்று. வரப்பில் அந்தப் பெயருக்கு ‘என்ன’ என்று கேட்டு எழுந்து நிற்கிற செடிகள் ஐந்தாறு. தென்னிந்தியாவில் 25 மூலிகைக் கடைகளில் கீழாநெல்லி வாங்கி மரபணுவை வைத்துச் சோதித்தார்கள். 2010இல் அந்த ஆய்வு வெளிவந்தது. 76 சதவீதக் கடைகளில் சரியான செடி இருந்தது. மீதிக் கடைகளில் இருந்தது வேறு ஐந்து இனங்கள், பங்காளிகள். நான்கு கடைகளில் ஒன்று! கடைக்குக் கொண்டுவருகிறவர் கிளையைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

சரி, அம்மாவிடம் வருகிறேன். அம்மியில் தண்ணீர் படாமல் அரைப்பாள். பச்சை வாசனை கொல்லை வரைக்கும் வரும். சின்னப் பிள்ளைக்குச் சுண்டைக்காய் அளவு உருண்டை, பெரியவர்களுக்குக் கொட்டைப்பாக்கு அளவு, புளித்த மோரில் கரைத்து வெறும் வயிற்றில், மூன்று நாள். (இதைப் படித்துவிட்டு யாரும் அம்மியைத் தேட வேண்டாம். மேலே படியுங்கள்.) எண்ணெய், புளி, கறி, மீன் மூன்று வாரத்துக்குக் கூடாது. மோர்சாதம், இளநீர், வெயிலில் அலையாமல் படுக்கை. மீன் இல்லாமல் சோறு இறங்காத ஊரில் அந்த மூன்று வாரம் பெரிய தவம். காசு வாங்க மாட்டாள். வாங்கினால் மருந்து பலிக்காது என்பது மாமியார் வாக்கு. ஒருமுறை ஒருவர் பூவன் தார் ஒன்றைச் சொல்லாமல் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அம்மா தொடவே இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தின்னச் சொன்னாள். அதில் நானும் ஒருவன்.

குணமானதா? ஆனது. வந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் குணமானது. ஏன் என்று எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. காமாலை ஒரு நோயே இல்லை. அது அறிகுறி. காய்ச்சல் எப்படி நூறு காரணத்தால் வருமோ அப்படி. ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி வழக்கமாக நூறு மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராமை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும். அது இரண்டு, மூன்றைத் தாண்டும்போது கண் மஞ்சளாகிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வந்ததில் பெரும்பகுதி தண்ணீரில் பரவுகிற கிருமியால் கல்லீரல் அழன்றுபோகிற ஹெபடைடிஸ் ஏ வகையாகத்தான் இருக்க வேண்டும். வாய்க்கால் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் காமாலை சில வாரங்களில், மிஞ்சினால் இரண்டு மாதத்தில், தானாகவே இறங்கிவிடும். ஓய்வும் நல்ல சாப்பாடும் போதும். அம்மா மூன்று வாரப் பத்தியத்தில் கொடுத்ததும் அதைத்தான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று முழுக்கத் தள்ளிவிட எனக்கு மனம் வராது. ஆனால் பழம் அநேகமாகப் பழுத்துத்தான் இருந்தது.

1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்து தியாகராஜனும் உடன் ஆராய்ந்தவர்களும் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கூட எழுதியவர்களில் பாரூக் பிளம்பர்க்கும் ஒருவர். ஹெபடைடிஸ் பி கிருமியை அடையாளம் கண்டவர், 1976இல் நோபல் பரிசு வாங்கியவர். கிருமியை ரத்தத்தில் சுமந்துகொண்டிருந்த 37 பேருக்குக் கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, 30 நாள் கொடுத்தார்கள். 22 பேர் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. மருந்தே இல்லாத வெறும் பொடி கொடுக்கப்பட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. நம் பத்திரிகைகளுக்குக் கேட்கவா வேண்டும்? நான் ஒரு துண்டைக் கத்தரித்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ‘இதச் சொல்ல நோபல் பரிசு வாங்குனவரு வரணுமாடா?’ அந்தத் துண்டு எங்கள் வீட்டுக் கண்ணாடிச் சட்டத்தில் இரண்டு வருடம் செருகியிருந்தது.

மாமாவுக்குக் கண் மஞ்சளானபோது எனக்கு அந்தத் துண்டுதான் ஞாபகம் வந்தது.

மாமா அம்மாவுக்கு நேர் இளையவர். 58 வயது. உப்பளத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். வைகாசியிலேயே கொஞ்சம் இளைத்தார், பசியில்லை என்றார். ஆடி பிறந்தபோது கண் மஞ்சள். வலி எதுவும் இல்லை. ‘வலி இல்லையே, அப்புறம் என்ன’ என்று எல்லோரும் சொன்னோம். அம்மா மருந்து கொடுத்தாள். மூன்று நாள். இறங்கவில்லை. இன்னொரு மூன்று நாள். பத்தியம் சரியாக இல்லை என்று அத்தையைத் திட்டினாள். மாமாவுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. ராத்திரி தூங்காமல் தென்னை ஈர்க்கால் முதுகைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். அத்தை தேங்காய் எண்ணெய் தடவப் போனால், எண்ணெய் ஆகாது என்று அம்மா தடுத்தாள். மாமாவே ஒருநாள் ‘தஞ்சாவூருக்கு ஒரு நட போயிப் பாத்துட்டு வரட்டுமாக்கா?’ என்று கேட்டார். அம்மா பதில் சொல்வதற்கு முன்னால் நான் குறுக்கே விழுந்தேன். கண்ணாடியிலிருந்து துண்டை உருவிக்கொண்டு வந்தேன். ‘அங்கே என்ன மாமா கொடுக்கப்போறாங்க? அறிவியலே ஒத்துக்கிச்சு’ என்றேன்.

‘காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்’ என்கிறோம். சுத்தப் பொய். காமாலை வந்தவருக்கு உலகம் வழக்கம்போலத்தான் தெரியும். அந்த ஆடியில் எங்கள் வீட்டில் கண் மஞ்சளானவர் மாமா. கண்டதெல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது எனக்கு.

ஆவணியில்தான் தஞ்சாவூர் போனோம். ஒரு பெண் டாக்டர், என்னைவிட நாலைந்து வயது பெரியவர் இருப்பார். மாமாவின் கண்ணைப் பார்த்தார், வயிற்றை அழுத்தினார். அப்புறம் கேட்டார்: ‘மலம் என்ன நிறத்துல போகுது?’

மாமா அம்மாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ‘சாம்பலாட்டம் போவுதும்மா. ரெண்டு மாசமாவே.’

அம்மா வெளியே வந்ததும் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ‘ஏன்டா எங்கிட்ட சொல்லல?’

‘நீ கேக்கலியேக்கா.’

க., இந்த ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மலம் பழுப்பாக இருப்பதற்குக் காரணம் பித்தநீர். கல்லீரலில் ஊறி, ஒரு சின்னக் குழாய் வழியாகக் குடலுக்கு வந்து சேருகிறது. அந்தக் குழாயில் கல் அடைத்தாலும், பக்கத்தில் கட்டி வளர்ந்து நெருக்கினாலும் பித்தம் குடலுக்கு வராது. மலம் வெளுத்துச் சாம்பலாகவோ களிமண்ணாகவோ போகும். போக வழியில்லாத பித்தம் ரத்தத்தில் ஏறும். கண் மஞ்சளாகும், தோல் அரிக்கும், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் இறங்கும். கிருமிக் காமாலையிலும் சில நாள் மலம் வெளுக்கலாம். ஆனால் வாரக்கணக்கில் வெளுத்தே இருந்தால், அதுவும் 50 வயது தாண்டியவருக்கு, வலியே இல்லாமல் இருந்தால், அது குழாய்க்காரருடைய வேலை. அடைப்பை எடுக்க வேண்டும். கீழாநெல்லியை வண்டி வண்டியாக அரைத்துக் கொடுத்தாலும் அடைப்பு எடுபடாது.

மாமாவுக்குக் கணையத்தின் தலைப்பக்கத்தில் கட்டி. ஸ்கேனில் தெரிந்தது. தை பிறப்பதற்குள் போய்விட்டார். இரண்டு மாதம் முன்னால் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று அந்த டாக்டரிடம் நான் கேட்டேன். ‘அரிப்பையாவது குறைச்சிருக்கலாம்’ என்றார். குழாய்க்குள் ஒரு சின்னக் குழல் வைத்தால் பித்தம் வடிந்து அரிப்பு அடங்குமாம். தென்னை ஈர்க்கோடு அவர் விழித்திருந்த ராத்திரிகளை இன்னும் என்னால் எண்ணாமல் இருக்க முடியவில்லை.

என் துண்டுச்சீட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டுரையை நான் முழுசாகப் படித்தது எவ்வளவோ வருடம் கழித்து. அது காமாலையைப் பற்றியதே இல்லை! ஹெபடைடிஸ் பி கிருமியை நெடுநாளாகச் சுமப்பவர்களைப் பற்றியது. மாமாவின் கட்டிக்கும் அதற்கும், எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் வாய்க்கால் தண்ணீர்க் காமாலைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அப்புறம் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் இதே கேள்வியைச் சோதித்துப் பார்த்தார்கள். அந்தப் பலன் கிடைக்கவில்லை. நம் பத்திரிகைகள் முதல் செய்தியைக் கொட்டை எழுத்தில் போட்டன. பின்னால் வந்ததை நான் எந்த வீட்டுக் கண்ணாடியிலும் செருகிப் பார்த்ததில்லை. ஹெபடைடிஸ் பி-க்கு இன்று தடுப்பூசி இருக்கிறது, பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குப் போட்டுவிடுகிறார்கள். நீங்கள் தேடும் ‘அறிவியல் ஒப்புக்கொண்டது’ அதுதான்.

மாமாவின் காரியம் முடிந்த பிறகு ஏறக்குறைய ஒரு வருடம் அம்மா யாருக்கும் மருந்து கொடுக்கவில்லை. வருகிறவர்களைத் திண்ணையிலிருந்தே திருப்பி அனுப்பினாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கார்த்திகையில் ஒருநாள் காலை அம்மியில் சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தேன். வாசலில் ஒரு மீனவர், பத்து வயதுப் பையனோடு. அம்மா அரைப்பதை நிறுத்திவிட்டு, தெருவுக்கே கேட்கிற குரலில் கேட்டாள்: ‘தம்பி, வெளிக்கிப் போனா என்ன கலரு?’

அதற்கப்புறம் அவள் அந்தக் கேள்வியைக் கேட்காமல் செடியைப் பிடுங்கியதே இல்லை. புதுப்பெண்கள் வெட்கப்பட்டுத் தலையைக் குனிவார்கள். ‘மருந்து வேணுமா, வெக்கம் வேணுமா?’ என்பாள். மலம் வெளுப்பு என்றால் மருந்து கிடையாது. 50 தாண்டியவருக்குக் கிடையாது. பேச்சு குழறினாலோ, பகலில் தூங்கி ராத்திரி விழித்துக் கிடந்தாலோ கிடையாது, அன்றே பஸ் ஏற வேண்டும். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கிடையவே கிடையாது. தண்ணீரில் வருகிற இன்னொரு காமாலை, ஹெபடைடிஸ் ஈ, நிறைமாதப் பெண்களுக்கு உயிருக்கே உலை வைக்கும் என்பது அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு ஆச்சரியம். அப்புறம் கண்டுபிடித்தேன். மாமாவைக் காட்டப் போகும்போதெல்லாம் அந்தப் பெண் டாக்டரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். தம்பி உள்ளே படுத்திருக்க, நடைக்கூடத்தில் நின்றுகொண்டு, ‘எதுக்கெல்லாம் நான் குடுக்கக் கூடாதும்மா?’ என்று கேட்டிருக்கிறாள். டாக்டர் திட்டவில்லையாம். சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

மாமியார் சொல்லிக்கொடுத்தது அம்மாவுக்குப் பாதி மருந்துதான், க. மீதிப் பாதி அந்த நடைக்கூடத்தில் கிடைத்தது. பாரம்பரிய அறிவு, பாரம்பரிய அறிவு என்று எனக்குக் கடிதம் போடுகிறவர்களிடம் நான் இதைத்தான் கேட்கிறேன்: உங்களிடம் இருப்பதில் ‘கொடுக்கக் கூடாது’ என்ற பகுதி எங்கே? தினமும் உங்கள் கைபேசிக்கு வருகிற பட்டியலில் காமாலைக்குக் கீழாநெல்லி, மூட்டுக்கு முடக்கத்தான், சளிக்குத் தூதுவளை என்று எல்லாம் இருக்கிறது. யாருக்குக் கூடாது, எப்போது நிறுத்த வேண்டும், எத்தனையாவது நாளில் ‘என் கையில் இல்லை’ என்று கையைத் தூக்க வேண்டும் என்பது ஒரு வரிகூட இல்லை. ஊரில் கைமருந்து கொடுத்த பழைய கிழவிகள் பலருக்கு அது கொஞ்சமாவது தெரிந்திருந்தது. பட்டியல் எழுதுகிறவருக்கு அது தெரிய வேண்டிய அவசியம் இல்லை. விடியற்காலையில் அவர் வீட்டுத் திண்ணைக்கு யாரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரப்போவதில்லை.

ஒருமுறை 40 நாள் குழந்தை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பிறந்ததிலிருந்து மஞ்சள் போகவில்லை என்றார்கள். அம்மா குழந்தையைப் பார்க்கவே இல்லை. ‘துணிய விரிச்சுக் காட்டு’ என்றாள். விரித்துக் காட்டினார்கள். அரைத்த தேங்காய் மாதிரி வெள்ளையாக இருந்தது. அம்மா எழுந்து உள்ளே போய், அஞ்சறைப் பெட்டியிலிருந்து பஸ் காசை எடுத்துவந்து அந்தப் பெண் கையில் திணித்தாள். காசு வாங்காத வீடு அன்றைக்குக் காசு கொடுத்தது. சில குழந்தைகளுக்குப் பித்தக் குழாய் பிறப்பிலேயே அடைந்திருக்கும், 60 நாளைக்குள் அறுவை செய்தால்தான் நல்லது என்பதை நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் குழந்தைக்குத் தஞ்சாவூரில் பார்த்துவிட்டுச் சென்னைக்கு அனுப்பியதாகக் கேள்வி. அப்புறம் அந்தக் குடும்பம் திருப்பூருக்குப் பிழைக்கப் போய்விட்டது.

செடி மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அதில் ஃபில்லாந்தின் என்றெல்லாம் சத்துகள் இருக்கின்றன, சோதனைச் சாலைகளில் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பிரேசிலில் இதன் பங்காளியைக் ‘கல்லுடைப்பான்’ என்ற பொருளில் ஒரு பெயர் சொல்லிச் சிறுநீரகக் கல்லுக்குக் குடிக்கிறார்கள். அங்கே அதன் பெரிய புகழ் அதுதான். ஒரே குலத்துச் செடி, ஊருக்கு ஒரு புகழ். கீழாநெல்லியில் நம்பிக்கை இருந்தால் பட்டம் படித்த சித்த மருத்துவரிடம் போங்கள். அவரும் முதலில் ரத்தப் பரிசோதனைச் சீட்டைத்தான் கேட்பார். கேட்கவில்லையென்றால் வேறொருவரைப் பாருங்கள்.

பெரியப்பாவுக்குக் கொடுப்பவர் யார் என்று நீங்கள் எழுதவில்லை. கையைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவச் சொல்லி, ‘பார், மஞ்சள் இறங்குகிறது’ என்று காட்டுகிறவராக இருந்தால் அங்கிருந்து உடனே கிளப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். மாம்பட்டைச் சாறு பட்ட கையைச் சுண்ணாம்புத் தண்ணீரில் நனைத்தால் யார் கையிலும் மஞ்சள் வடியும், உங்கள் கையிலும் வடியும். கையில் சூடு போடுகிறவராக இருந்தால் சொல்லவே வேண்டாம்.

ஆனால் பெரியப்பாவைத் திட்டாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்கிற கிழவர்கள் பெரும்பாலும் செலவுக்குப் பயப்படுகிறார்கள், இல்லையென்றால் என்ன சொல்லிவிடுவார்களோ என்று பயப்படுகிறார்கள். என் மாமா இரண்டுக்கும் பயந்தார். ‘மருந்தை நிறுத்த வேண்டாம் பெரியப்பா, ஒரு ரத்தம் மட்டும் பார்த்துட்டு வந்துரலாம்’ என்று கூட்டிப் போங்கள். அது பொய்தான். சொல்லலாம். என் பாவக்கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

மகளின் செடியை மறந்துவிடவில்லை. படத்தை நேர் மேலிருந்து எடுத்திருக்கிறீர்கள். மேலிருந்து பார்த்தால் எல்லாம் கீழாநெல்லி மாதிரிதான் இருக்கும். இன்னொரு செடியைக் கண்டுபிடித்து மகளையே கிளையைத் திருப்பச் சொல்லுங்கள். காய்கள் வழவழப்பாக, சின்னக் காம்போடு வரிசையில் தொங்கினால் நீங்கள் ஒட்டியது சரி. தண்டு சிவந்து, காய் சொரசொரப்பாக ஒட்டியிருந்தால் சிவப்புக்காரி. ஒடித்தால் பால் வந்தால் அது அம்மான் பச்சரிசி, முழுக்க வேறு செடி. கீழாநெல்லிக்குப் பால் கிடையாது. முற்றிய காயோடு ஒரு கிளையைக் காகிதப் பைக்குள் போட்டு வெயிலில் வைக்கச் சொல்லுங்கள். காய் வெடித்து விதை பையில் தெறிக்கிற சத்தம் கேட்கும். ஒரு காய்க்கு ஆறு விதை, எண்ணிப் பார்க்கட்டும். பள்ளிக்கூடத்துக்கு அதையே எழுதிக் கொடுத்தால் போதும். கையைக் கழுவிவிடுங்கள்.

இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆற அமரச் செய்யலாம். பெரியப்பாவுக்கு இப்போதே போன் போடுங்கள். முதலில் என்ன கேட்க வேண்டும் என்று தெரியும் இல்லையா? வெட்கப்படுவார். அம்மா சொன்னதைச் சொல்லுங்கள்.